கதவடைப்பும் கேம் ஓவரும்

ஏப்ரல் 4, ஈரோடு

சேலத்து டாக்டர் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். கழுத்து எப்போது வலிக்கிறது, விரல்கள் எப்போது மரத்துப்போகின்றன, எப்போது சரியாகின்றன. அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். சாந்தாமணி அன்றைக்கே ஒரு டைரியை வாங்கி என் பையில் திணித்துவிட்டாள். புருஷன் பேச்சைவிட டாக்டர் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

விரல்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. வாங்கிய டைரியை வீணாக்குவானேன் என்று வேறு விஷயங்களை எழுதுகிறேன்.

இன்று பொருட்காட்சி மைதானத்தில் மேடை போட்டோம். ஒரு பக்கம் ராட்டினம், மறுபக்கம் டெல்லி அப்பளக் கடை, நடுவில் எங்கள் மல்யுத்தம். முதலாளி பூபதி சார் கோடை முழுக்க எங்களை ஊர் ஊராகக் கூட்டிப்போவார். ஈரோடு முடிந்ததும் கரூர், பிறகு சேலம், கடைசியில் திருப்பூர். மேடையைச் சுற்றிக் கயிறு இழுத்துக் கட்டும்போது என் முடிச்சு நிற்கவில்லை. புதுக் கயிறு, வழுக்குகிறது. பெர்னாட் வந்து கட்டினான்.

ஏப்ரல் 5, ஈரோடு

நல்ல கூட்டம். வெயில் தாழ்ந்ததும் ஜனம் குவிந்துவிட்டது.

எங்கள் ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதான். பார்க்க வருகிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் விழுவது நிஜமாகவே விழுவது. ஒவ்வொரு மல்லனுக்கும் ஒரு கடைசிப் பிடி உண்டு. அதைப் போட்டுவிட்டால் எதிராளி எழுந்திருக்கக் கூடாது, நடுவர் மூன்று எண்ணி முடித்துவிடுவார். அதுதான் அவனுடைய கையெழுத்து.

என்னுடையது ‘கதவடைப்பு’. எதிராளியைக் குனியவைத்து, அவன் இரண்டு கைகளையும் பின்பக்கமாக வளைத்து என் முழங்கைக்குள் பூட்டி, அப்படியே தலைக்கு மேல் தூக்கி, முதுகு மேடையில் படும்படி இறக்குவது. கை இரண்டும் பூட்டியிருப்பதால் விழுகிறவன் ஊன்றிக்கொள்ள முடியாது. அவனுடைய கழுத்து முழுக்க முழுக்கத் தூக்குகிறவன் பொறுப்பு.

பதினொரு வருஷமாக என்னிடம் அதை வாங்குகிறவன் பெர்னாட். கோலார் தங்கவயல்காரன். மேடையில் அவன் பெயர் மிருகம், நான் மில்காரன். அவனைக் குனியவைத்துக் கையைப் பூட்டியதுமே கூட்டம் எழுந்துவிடும். “கதவடை! கதவடை!”

இன்று பெர்னாட் கொஞ்சம் கோணலாக விழுந்தான். எழுந்து உள்ளே போக நேரமாயிற்று. கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, “பலகை சரியில்ல” என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன். நாளைக்கு ஆணிகளைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஈரோடு

ஆணிகள் சரியாகத்தான் இருக்கின்றன.

காலையில் டீ கிளாஸ் கை நழுவி விழுந்து உடைந்தது. எண்ணெய்க் கையோடு கிளாஸ் கழுவினால் வேறென்ன ஆகும்.

ஏப்ரல் 10, ஈரோடு

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழினியனுக்கு இன்று முதல் ஆட்டம். நாமக்கல் பையன். ஜிம்மில் செதுக்கிய உடம்பு. மேடைப் பெயர் டைட்டன். நான் உள்ளே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மைக்கில் பூபதி சார் குரல்: “இதோ... டைட்டனின்... கேம் ஓவர்!” பலகை அதிர்ந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். திரையை விலக்கிப் பார்த்தேன்.

என்னுடைய பிடி. பூட்டு, தூக்கு, இறக்கம், எல்லாம் அதேதான்.

ஆட்டம் முடிந்ததும் பூபதி சாரிடம் போனேன்.

“அது என்ற பிடிங்க சார்.”

“ஏம்ப்பா, அதுக்குப் பேரு கேம் ஓவரு. உன்னுது கதவடைப்பு.”

“பேரு வேறைங்க. பிடி ஒண்ணுதானுங்களே?”

“லோகநாதா, செல்போனத் தொறந்து பாரு. உலகம் பூரா நூறு பேரு இதையே போடறான். ஆளுக்கொரு பேரு வெச்சுக்கறான். எவன் கேஸ் போட்டான்?”

“அவன் மூணாவது ஆட்டத்துல போட்டுட்டா, கடைசி ஆட்டத்துல நான் போடறப்ப ஜனம் எதைப் பாக்கும்?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “நீ கொஞ்ச நாளைக்கு வேற ஏதாச்சும் போடேன்.”

ஏப்ரல் 11, ஈரோடு

எரிச்சல் அடங்கவில்லை. பெர்னாட்டிடம் கொட்டினேன்.

அந்தப் பெயரை நான் சும்மா வைக்கவில்லை. நான் நூற்பாலையில் வேலை பார்த்தவன். ஒரு திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு, பூட்டின் மேல் நோட்டீஸ். அதற்குப் பிறகு அந்தக் கேட் திறக்கவே இல்லை. உடம்பு ஒன்றுதான் மிச்சம், அதைத் தூக்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். நாங்கள் ஆட்டம் போடுகிற ஊர்களெல்லாம் மில் ஊர்கள். ‘கதவடைப்பு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், பாதிப் பேருக்குத் தங்கள் மில் கேட் நினைவுக்கு வரும். அவர்கள் கத்துவது எனக்காக மட்டும் இல்லை. கேம் ஓவர் என்றால் யாருக்கு என்ன நினைவுக்கு வரும்?

பெர்னாட் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “லோகு, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அந்தப் பிடி எங்க சித்தப்பா சாமுவேல் போட்டது. சொரங்கத்துல ஆளுங்கள எறக்குற கூண்டு இருக்குதே, கேஜ், அதையே பேரா வெச்சிருந்தாரு. நான்தானே உனக்குக் காட்டிக் கொடுத்தேன்?”

அது வேறு விஷயம். அவர் போட்டதைக் கோலாருக்கு வெளியே எவன் பார்த்தான்? பெயர் வைத்து ஊரறியச் செய்தது நான்.

ஏப்ரல் 24, கரூர்

ஒரே மாலையில் நானும் தமிழினியனும் போடுகிறோம். அவனுக்கு விசில் அதிகம். அவன் தூக்கி ஒரு கணம் அப்படியே நிறுத்துகிறான். கீழே இருக்கிறவர்கள் செல்போனில் படம் எடுக்க வசதியாக இருக்கிறது. நான் தூக்கினால் உடனே இறக்கிவிடுகிறேன். அதுதான் முறை.

பூட்ஸ் லேஸைப் பெர்னாட்தான் கட்டிவிட்டான். குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 26, கரூர்

தமிழினியன் மத்தியானம் நான் படுத்திருந்த இடத்துக்கு வந்தான். கையில் இரண்டு இளநீர்.

“அண்ணா, உங்ககிட்டக் கேக்காம அந்தப் பிடியப் போட்டது தப்புதானுங். பூபதி சார்தான் போடச் சொன்னாரு. நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்.”

“விட்டுடுவியா?”

தலையைக் குனிந்துகொண்டான். பம்பாயிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்களாம், சேலத்து ஆட்டத்தைப் பார்ப்பார்களாம். அப்படியொரு கம்பெனியில் சேர்ந்தால் டிவியில் வரலாம். அவனுக்குக் காட்டுவதற்கு வேறு நல்ல பிடி கிடையாது.

“எறக்கும்போது முழங்கைய எப்ப தளர்த்தறதுன்னுதாண்ணா பிடிபடல. ஒரு தடவ காட்டுனீங்கன்னா...”

“செல்போன்ல நூறு பேரு போடறானாமே. அதுல பாத்துக்க.”

இளநீரை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். நான் தொடவில்லை.

மே 1, கரூர்

காலையில் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. பல் தேய்க்கப் போகும் வழியில் மேடையைப் பார்த்தேன். யாருமில்லாத மைதானத்தில் தமிழினியன் பெர்னாட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். பெர்னாட் தலைகீழாகத் தொங்கியபடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்: “அவசரப்படாத. ம்... இப்போ. இப்போ தளர்த்து.”

பதமாக இறக்கினான். பெர்னாட் எழுந்து அவன் முதுகில் தட்டினான்.

என்னைப் பார்த்ததும் தமிழினியன் துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். பெர்னாட் நகரவில்லை.

“எத்தனை நாளா நடக்குது?” என்றேன்.

“நீ காட்டலன்னா நான் காட்டித்தானே ஆவணும். தெரியாம எவனையாவது கொன்னுடுவான்.”

“பூபதி அவனுக்குத் தூக்கிக் குடுத்தாரு, நீ கத்துக் குடுக்கற. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய மேடைய விட்டு எறக்கறீங்க.”

பெர்னாட் மேடை ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு, “பூபதி இல்ல லோகு. நான்தான் கேட்டேன். லோகு கிட்டேருந்து அந்தப் பிடிய எடுத்துடுங்கன்னு நான்தான் போய்ச் சொன்னேன்” என்றான்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“உன் கை பூட்டு நிக்கறதில்ல. போன வருஷம் தர்மபுரியில ஒரு தடவ வழுக்குச்சு. பொங்கலப்ப ஒரு தடவ. ஈரோட்டுல, பலகைன்னு சொன்னேனே, அது பலகை இல்ல. நான் தலைகுப்புற வந்தேன். ஏதோ கர்த்தர் புண்ணியம், தோளு முந்திக்கிச்சு.”

“வேர்வைடா அது. வேர்வையில வழுக்கும்.”

“சரி, வேர்வ.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“உன்கிட்டயா?” என்றான். எழுந்து போய்விட்டான்.

இத்தனை வருஷம் ஒரே இலையில் சாப்பிட்டவன் என் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லியிருக்கிறான். வேறென்ன எழுதுவது.

மே 2, கரூர்

பெர்னாட்டோடு பேசவில்லை. லேஸ் கட்ட வேண்டாம் என்று, வெல்க்ரோ ஒட்டும் பூட்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன்.

மே 9, சேலம்

சொந்த ஊர். ஊரெங்கும் போஸ்டர். ஒரு பக்கம் நான், மறுபக்கம் தமிழினியன், நடுவில் கொட்டை எழுத்தில்: ‘ஒரே பிடி! இரண்டு பெயர்! நிலைக்கப்போவது எது?’ தோற்கிறவன் இனிமேல் அந்தப் பிடியைப் போடக் கூடாது என்பது பந்தயம். பூபதி சாருக்கு எதைக் காசாக்கலாம் என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

“யாரு ஜெயிக்கறதுங்க?” என்று கேட்டேன்.

“பம்பாய்க்காரங்க வந்து உக்காந்திருப்பாங்க லோகநாதா” என்றார். அவ்வளவுதான் பதில்.

என் ஊரில், என் ஆட்கள் முன்னால், என் பிடியிலேயே நான் மல்லாந்து கிடக்க வேண்டும்.

மே 10, சேலம்

வீட்டுச் சாப்பாடு. சாந்தாமணி மீன் குழம்பு வைத்திருந்தாள். முள் எடுக்கச் சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு, தட்டை வாங்கி அவளே முள்ளைப் பிரித்துக் கொடுத்தாள்.

“டாக்டர்கிட்டப் போலாமுங்களா? எழுதினதக் காட்ட வேண்டாமா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்குதுன்னு எழுதியிருக்கேன்.”

“அப்ப ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு நான் வரல.”

“ஏன்?”

“வந்தா பாக்கோணுமில்ல” என்றாள்.

மே 16, சேலம்

நாளைக்கான ஒத்திகை. நான் தமிழினியனைக் குனியவைத்துக் கையைப் பூட்ட வேண்டும். கூட்டம் கத்தும். அந்த நேரத்தில் அவன் உருவிக்கொண்டு வெளியே வந்து, திருப்பி என்னைப் பூட்டித் தூக்குவான். முடிந்தது. நான்கைந்து முறை செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் சுலபமாக உருவிக்கொண்டு வந்தான். கொஞ்சம் அதிகமாகவே சுலபமாக.

“சரியா இருக்குதுங்களாண்ணா?” என்று கேட்டான். மரியாதையான பையன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 17, சேலம்

இன்று எழுதவில்லை.

மே 19, சேலம்

தமிழினியனுக்கு இடது பக்கம் காறை எலும்பு முறிந்துவிட்டது. தோள் மூட்டும் விலகியிருக்கிறது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். பூட்டினேன். அரங்கம் எழுந்தது. “கதவடை! கதவடை!” மில்லில் என்னோடு இருந்தவர்கள் முன்வரிசையில் வந்திருந்தார்கள், நரைத்த தலைகளோடு. அவர்களும் கத்தினார்கள். அவன் உருவிக்கொள்ளத் திமிறினான். நான் இறுக்கிக்கொண்டேன். “அண்ணா, விடுங்க. இப்ப விடணும்” என்று தாழ்ந்த குரலில் சொன்னான். தூக்கினேன்.

மேலே போனபோது அவன் தோளை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. அனுபவமில்லாதவன் அப்படித்தான். தூக்கப்படுகிறவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பூபதி சாரிடமும் இதைத்தான் சொன்னேன். பெர்னாட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நடுவர் மூன்று எண்ணிவிட்டார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. என் கையைத் தூக்கிப் பிடித்தார். கூட்டம் ஆடியது. அவன் எழுந்திருக்காததையும் நடிப்பு என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

பம்பாய்க்காரர்கள் அன்றைக்கே ரயிலேறிவிட்டார்கள்.

மே 20, சேலம்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தமிழினியனின் அம்மா, வளர்மதி என்று பெயர், நாமக்கல்லில் முட்டைப் பண்ணையில் வேலை பார்க்கிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“நீங்கதானுங்களா தம்பி லோகநாதன்? நீங்கதான் அவனைத் தூக்கிட்டுப் போயி ஆட்டோவுல ஏத்துனீங்களாமா. பையன் சொன்னான். அவனா தப்பா விழுந்துட்டானாம், நீங்க இல்லைன்னா இன்னும் மோசமாயிருக்குமுன்னு சொன்னான். நல்லா இருக்கோணும் நீங்க.”

கட்டிலில் அவன் கண்ணை மூடியிருந்தான். தூக்கமில்லை என்பது மூச்சு விடுவதிலேயே தெரிந்தது.

வாங்கிப் போன ஆப்பிளை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவில் ஏற்றியது பெர்னாட்.

ஜூன் 3, திருப்பூர்

பையன் இல்லாததால் போஸ்டர் மாறிவிட்டது. இப்போது நான் மட்டும்தான், முழு உயரத்துக்கு. ‘மில்காரனின் கதவடைப்பு! நேருக்கு நேர் காண வாரீர்!’ பூபதி சார் தோளில் கை போட்டுப் பேசினார். “உன்ற பேரு உன்கிட்டயே வந்துருச்சு பாத்தியா?”

வந்துவிட்டது.

ஜூன் 6, திருப்பூர்

எதிரே நிற்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஒருத்தனுக்கு முதுகுப் பிடிப்பாம். ஒருத்தன் மாமியார் வீட்டுக் கெடா வெட்டுக்குப் போகிறானாம். மேடை போட வந்தவனைக்கூட பூபதி சார் முகமூடி மாட்டி நிறுத்தப் பார்த்தார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கதவடைப்பு மட்டும் வேண்டாமுங், வேற எது வேணா வாங்கிக்கறேன்” என்றான்.

தைரியம் இல்லாதவர்களை வைத்துக்கொண்டு என்ன கம்பெனி நடத்துவது.

ஜூன் 7, திருப்பூர்

பெர்னாட் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் இல்லை, பூபதி சாரிடம்.

ஜூன் 8, திருப்பூர்

இதை எழுதும்போது பேனா நிற்கவில்லை. எழுத்து எப்படியிருந்தாலும் இருக்கட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. மைதானம் கொள்ளவில்லை. பெர்னாட் வழக்கம்போல மிருகமாக வந்தான், உறுமினான், பேசி வைத்தபடி அடித்தான், அடி வாங்கினான். ஒரு மாதமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மேடையில் உடம்புக்கு உடம்பு தெரிகிறது. அவன் எப்போது மூச்சு வாங்குவான், எந்தப் பக்கம் சாய்வான், எல்லாம் தெரிகிறது.

கடைசி நேரம். குனியவைத்தேன். அவன் கைகளை வளைத்து முழங்கைக்குள் வைத்துப் பூட்டினேன். “கதவடை! கதவடை!”

இடது கையில் அவன் கை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்தேன். இருந்தது. என் விரல்கள் அதைச் சுற்றியிருந்தன, வேறு யாருடைய விரல்களோபோல. பெர்னாட் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். ஜெபம்.

சேலத்திலும் பையனின் கை என் பிடியில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கும்போதே தெரியவில்லை. அதற்கு மேல் எழுத முடியாது.

கையை விட்டுவிட்டேன். அவன் காலை வாரிச் சாய்த்து, மேலே படுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பசங்கள் போடுகிற பிடி ஒன்றைப் போட்டேன். பெர்னாட் புரிந்துகொண்டு அசையாமல் கிடந்தான். நடுவர் எண்ணினார்.

பிறகு முதல் தண்ணீர் பாட்டில் வந்தது. “ஏமாத்துக்காரன்! காசத் திருப்பிக் குடு!” ஒருவன் மேடை ஓரம் வரைக்கும் வந்து, “கெழவனுக்குத் தூக்க முடியலடா” என்று சிரித்தான். பூபதி சார் மைக்கில் என்னென்னவோ சொல்லிச் சமாளித்துப் பார்த்தார். உள்ளே வந்ததும், “நாளையிலிருந்து நீ வர வேண்டாம்” என்றார். நானும் அதையே சொல்ல நினைத்திருந்தேன்.

பெர்னாட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“இன்னாத்துக்கு விட்ட?”

“கை தெரியல பெர்னாடு.”

தலையை ஆட்டினான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தான். “பொண்டாட்டியாண்ட சொல்லிட்டு வந்தேன், இன்னிக்கு லோகு பூட்டப் போறான்னு. ஆட்டம் முடிஞ்ச ஒடனே போன் பண்ணுன்னா ரெஜினா. நான் பண்ற வரிக்கும் முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கினே இருப்பா.”

“அப்படித் தெரிஞ்சுமா வாங்கிக்க வந்த?”

“எனக்கு வேற தொழில் என்னா தெரியும்?” என்றான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜூன் 20, சேலம்

ஸ்கேன் எடுத்தாயிற்று. கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறது. முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். சாந்தாமணி வழியெல்லாம் ஸ்கேன் கவரை மடியில் பிடித்தபடி வந்தாள்.

ஜூலை 12, சேலம்

ஜவுளிக் கடையில் வாசல் காவல். உட்கார நாற்காலி உண்டு. யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் கண்டுகொண்டு, என்னைப் பார்க்காத மாதிரி போனார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 3, நாமக்கல் போய் வந்து

இன்று லீவு கேட்டுக்கொண்டு தமிழினியன் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் தகரக் கேட். அவன் அம்மா காபி போட உள்ளே போனார்.

உடம்பு இளைத்துவிட்டான். இடது கையை மடியில் வைத்தபடியே இருந்தான்.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “தமிழு, அன்னைக்கு நீ தப்பா விழல. என்ற கை நிக்கல” என்றேன்.

“தெரியுமுங்ணா.”

“எப்பத் தெரியும்?”

“ஒத்திகையிலயே தெரிஞ்சுது. அவ்வளவு லேசா உருவ முடியாது, பெர்னாட் அண்ணன் பிடியில நான் உருவிப் பாத்திருக்கேன். அதான் விடுங்க, விடுங்கன்னு சொன்னேன். நீங்க எறக்கி விட்டுடுவீங்கன்னுதான் நெனச்சேன்.”

“பம்பாய்க்காரங்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். தப்பு என்மேலதான்னு சொல்றேன்.”

அவன் சிரித்தான். செல்போனை எடுத்து ஒற்றைக் கையால் தேடி என்னிடம் நீட்டினான். பளபளவென்று விளக்கு வெளிச்சத்தில் பெரிய மேடை. அந்த பம்பாய் கம்பெனிதான். வடநாட்டுப் பையன் ஒருவன், தமிழினியன் வயதுதான் இருக்கும், எதிராளியைக் குனியவைத்தான். கைகளைப் பூட்டினான். தூக்கினான். வர்ணனையாளர் இந்தியில் அலறினார். பிடிக்கு அவர்கள் வைத்த பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது: ‘ஃபுல் ஸ்டாப்’.

“எனக்கு வெச்சிருந்த எடமுங்ணா அது” என்றான் தமிழினியன். “இதுக்கு முன்னால யாருமே பாக்காத பிடின்னு சொல்றாரு அந்த ஆளு.”

அந்த வடநாட்டுப் பையன் பதமாக இறக்கினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. விழுந்தவன் நன்றாகத்தான் கிடந்தான், நடிப்பாகக் கிடந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் அதை இன்னொரு முறை பார்த்தோம்.

“உங்க மேல எனக்குக் கோவம் இருக்குதுங்ணா,” என்றான், போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு. “இல்லைன்னு சொன்னா பொய். நீங்க வந்ததால ஒண்ணும் கொறையல.”

“கொறைய வேண்டாம்.”

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அது பாட்டுக்கு உங்களுக்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகிட்டு இருக்குது. தெரிஞ்சா தாங்காது.”

வளர்மதியம்மா காபி கொண்டுவந்தார். தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தேன். கிளம்பினேன்.

தமிழினியன் கேட் வரைக்கும் வந்தான். மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அவன் வலது கையால் இழுத்தான். கேட்டைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. நான் பிடித்தேன். தாழ்ப்பாள் என் விரலுக்குள் நிற்காமல் நழுவியது. மறுபடி பிடித்தேன். மறுபடி நழுவியது.

வளர்மதியம்மா முந்தானையில் கை துடைத்தபடி வந்து, கேட்டை இடுப்பால் முட்டித் தாழ்ப்பாளை ஒரே இழுப்பில் திறந்தார்.

“ரெண்டு பயில்வானுங்க நின்னுட்டு ஒரு தாப்பாளத் தொறக்க முடியலீங்களா?” என்று சிரித்தார்.

தமிழினியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்.